முழுகத் தெரிந்தால் மட்டும் போதாது

கேள்வி:

ஐயா, நான் வத்தளை ஹெந்தளையில் வசிக்கிறேன். சென்ற ஜூலையில் ரொறன்ரோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மஸ்கோகா பக்கத்தில் ஓர் ஏரிக்கரை வீட்டில் சில நாள் தங்கினோம். முதல் இரவே ஏரியிலிருந்து யாரோ ஒப்பாரி வைப்பதுபோல ஒரு சத்தம். பயந்துவிட்டேன். "அது லூன் மாமி, இந்த நாட்டு ஒரு டொலர் குற்றியில் இருக்கிற பறவை" என்றார் மருமகன். விடிந்து பார்த்தால் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பெரிய பறவை. முதுகில் இரண்டு குஞ்சுகள். ஊருக்குத் திரும்பியபின் ஹமில்டன் கால்வாய்ப் பக்கம் அதேபோல முழுகி முழுகி எழும்பும் ஒரு சின்னப் பறவையைக் கண்டேன். இரண்டும் ஒரே இனமா? லூன் ஏன் எங்கள் பக்கம் வருவதில்லை? அங்கே ஏரி ஏரியாக ஆட்கள் அதைக் கணக்கெடுத்துக் காக்கிறார்கள். எங்கள் பறவைக்கு என்ன ஆபத்து, நாங்கள் என்ன செய்யலாம்?

– வாசகி ஒருவர், வத்தளை

பதில்:

சகோதரி, சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே இனமல்ல, கிட்டிய உறவும் அல்ல. லூன் இங்கே வராததற்கு அதன் உடம்பும் அதன் ஊரும் காரணம். இரண்டுக்கும் பொதுவானது ஆபத்துத்தான். தண்ணீருக்குள் இந்தப் பறவைகளை வெல்வது கடினம். இவற்றுக்குத் தொல்லை வருவதெல்லாம் தண்ணீரின் விளிம்பில். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நீங்கள் கண்டது எது?

பெரும்பாலும் முக்குளிப்பான். ஆனாலும் நம் கால்வாய்களில் முழுகும் பறவை அது ஒன்றுதான் என்றில்லை. அடுத்த தடவை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். உடல் முழுக்கக் கறுப்பாக இருந்து, முழுகி எழும்பியதும் கட்டையில் ஏறிச் சிறகை விரித்துக் காயவைத்தால் அது நீர்க்காகம். உடம்பு தண்ணீருக்குள் மறைந்து நீண்ட மெல்லிய கழுத்து மட்டும் வெளியே வளைந்து நெளிந்தால் அது பாம்புத்தாரா. அதன் கூரிய அலகு மீனைக் குத்தியே பிடிக்கும்.

முக்குளிப்பான் இவை இரண்டையும்விட மிகச் சிறியது. நீளம் ஓர் அடிக்கும் குறைவு, நிறை 200 கிராம் அளவு. வால் என்று சொல்ல ஒன்றுமில்லை. பின்புறத்தில் மென்தூவிதான் உப்பியிருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் கன்னமும் கழுத்தும் செங்கபில நிறமாகும். அலகு தொடங்கும் இடத்தில் மஞ்சள் சாயலில் ஒரு பொட்டு எடுப்பாகத் தெரியும். மற்ற நாட்களில் மங்கிய மண்ணிறம். கட்டையில் ஏறிச் சிறகு காயவைக்கும் வழக்கம் இதற்கு இல்லை. ஆளைக் கண்டால் பறப்பதைவிட முழுகுவதையே விரும்பும். அரை நிமிடத்துக்குள் எதிர்பாராத இன்னோரிடத்தில் தலை தூக்கும். இறகுகளுக்கிடையே உள்ள காற்றைப் பிழிந்து வெளியேற்றி, அலையே எழாமல் மெல்லத் தாழவும் அதற்குத் தெரியும். புல்லுக்கிடையில் கண்ணும் அலகும் மட்டும் வெளியே இருக்க அது உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்; உங்களுக்கு அது தெரியாது.

ஒரே தொழில், வேறு வேறு குடும்பம்

உலகில் லூன்கள் ஐந்து வகை. நீங்கள் மஸ்கோகாவில் கண்டது பொது லூன். ஒன்ராறியோ மாகாணத்தின் பறவையும் 1987இல் வந்த கனடிய டொலர் குற்றியில் இருப்பதும் அதுதான். நிறை சாதாரணமாக மூன்று முதல் ஐந்து கிலோ. நம் முக்குளிப்பானைப்போல இருபது மடங்கு. இருந்தும் இரண்டின் உடல் அமைப்பும் ஒன்றுபோலவே இருக்கும். கால்கள் உடலின் கடைக்கோடியில் அமைந்திருக்கும், கண் சிவந்திருக்கும், குஞ்சுகள் பெற்றோரின் முதுகில் சவாரி செய்யும். அதனால் முன்பு அறிஞர்கள் இரண்டையும் அருகருகே வைத்திருந்தார்கள்.

மரபணு ஆய்வுகள் அந்த உறவை உடைத்துவிட்டன. லூனுக்குக் கிட்டிய சொந்தம் அல்பட்ரோஸ், பென்குயின் போன்ற கடற்பறவைகளின் பக்கம் இருக்கிறது. முக்குளிப்பான் குடும்பத்துக்குக் கிட்டிய உறவு யார் தெரியுமா? மன்னாரிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் களப்புகளிலும் கூட்டமாக நிற்கும் பூநாரை! நெடுங்காலில் நிற்கும் இளஞ்சிவப்புப் பறவைக்கும் கால்வாயில் முழுகும் இந்தக் குட்டைப் பறவைக்கும் சொந்தம் என்று 2001இல் முடிவு வெளிவந்தபோது பறவையியலாளர்களே நம்பத் தயங்கினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்தன.

பாதத்தைப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். லூனின் முன்விரல் மூன்றையும் தாராவுக்கு இருப்பதுபோன்ற சவ்வு இணைக்கிறது. முக்குளிப்பானின் விரல்கள் தனித்தனி. ஒவ்வொன்றின் ஓரத்திலும் தட்டையான மடல் இருக்கும். தண்ணீரை உதைக்கும்போது மடல் விரியும், காலை முன்னிழுக்கும்போது மடங்கும். தண்ணீருக்கடியில் இரை பிடித்துப் பிழைக்க வேண்டிய இரண்டு குலங்கள் தனித்தனியே ஒரே மாதிரியான உடம்புக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

லூன் ஏன் இங்கே வருவதில்லை?

பெரும்பாலான பறவைகளின் எலும்பு உள்ளே பொள்ளலாக இருக்கும். லூனின் எலும்புகளில் பல திண்ணமானவை. அந்தப் பாரம் முழுகுவதற்கு உதவுகிறது. அறுபது மீற்றர் ஆழம்வரை அது போனதாகப் பதிவுண்டு. அதே பாரம் பறப்பதற்கு இடைஞ்சல். உடம்பின் பாரத்தோடு ஒப்பிட்டால் சிறகு சிறியது; நின்ற இடத்தில் கிளம்ப முடியாது. தண்ணீரின் மேல் முப்பது மீற்றராவது, சிலவேளை நூற்றுக்கணக்கான மீற்றர், சிறகடித்து ஓடித்தான் மேலெழும். மழை நனைத்த தார்வீதியை ஏரியென்று நினைத்து இறங்கிவிட்டால் அவ்வளவுதான். யாராவது தூக்கிக்கொண்டுபோய் நீரில் விட வேண்டும்.

ஐந்து வகை லூன்களும் வட துருவத்தை ஒட்டிய நாடுகளின் ஏரிகளில் குஞ்சு பொரிப்பவை. ஏரி உறையத் தொடங்கியதும் கடலுக்குப் போகும். ஒன்ராறியோ லூன்களுக்கு அமெரிக்காவின் கிழக்குக் கரையும் மெக்சிக்கோ வளைகுடாவும் போதும். உறையாத கடல் கிடைத்தபின் அதற்கப்பால் பறக்க அவசியமில்லை. நம் நாட்டுக்கு மாரியில் விருந்தாளியாக வரும் தாராக்கள் மத்திய ஆசிய வான்வழியால் வருபவை. லூன் அந்த வழிப் பயணியல்ல. மேலும் லூன் கண்ணால் பார்த்து மீன் பிடிக்கும் பறவை. தெளிந்த ஏரிதான் அதற்கு வேண்டும்.

நீங்கள் கேட்ட அந்தக் குரலையும் சொல்ல வேண்டும். லூனுக்கு நான்கு வகைக் குரல் உண்டு. இரவில் நீட்டி அழுவது, பிரிந்திருக்கும் இணையும் அயல் ஏரிப் பறவைகளும் ஒன்றையொன்று அழைப்பது. நடுங்கும் சிரிப்பொலி பயத்தின் அடையாளம். படகு கிட்டப் போனால் அதுதான் கேட்கும். சுழன்று ஏறும் குரல் ஆணுக்கு மட்டுமே உரியது; 'இது என் இடம்' என்ற எச்சரிக்கை. ஒவ்வோர் ஆணுக்கும் தனிக் குரல் இருக்கும். இடம் மாறிக் குடியேறினால் அந்தக் குரலையும் மாற்றிக்கொள்ளும். நான்காவது, குடும்பத்துக்குள் மெல்லப் பேசும் சிற்றொலி.

கரையில்தான் ஆபத்து

கால் கடைக்கோடியில் இருப்பதால் தரையில் லூனால் நிமிர்ந்து நடக்க முடியாது. மார்பால் தள்ளிக்கொண்டுதான் போகும். ஆகவே தண்ணீரிலிருந்து ஓரிரு அடிக்குள்ளேயே கூடு வைக்கும். பெரும்பாலும் இரண்டு முட்டை, நான்கு வாரம் அடைகாத்தல். அந்த நான்கு வாரத்தில் அணைக்கட்டுக்காரர் நீர்மட்டத்தைச் சற்று உயர்த்தினால் முட்டை மூழ்கும். மிகவும் தாழ்த்தினால் பறவைக்குக் கூட்டுக்கு ஏறவே முடியாது. வேகப் படகு எழுப்பும் அலை ஒன்றே முட்டையை உருட்டிவிடும். கரையோரத்து நாணலை வெட்டி வீடு கட்டினால் கூட்டுக்கு இடமே இல்லை.

போதாக்குறைக்குத் தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டு. இரையை அரைப்பதற்காக லூன் ஏரியடியில் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்கும். அவற்றோடு ஒரு குண்டு போய்ச் சேர்ந்தாலும் இரைப்பை அதை அரைத்து ஈயத்தை இரத்தத்தில் கலந்துவிடும்; சில வாரத்தில் பறவை செத்துவிடும். இதனால் கனடா 1997இல் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுகளைத் தடைசெய்தது. நிலக்கரிப் புகையோடு வரும் பாதரசம் இன்னொரு நஞ்சு. அது சிறு பூச்சியிலிருந்து சிறு மீனுக்கும் அதிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறி, கடைசியில் லூனில் வந்து திரளும். அமில மழை பெய்த ஏரிகளில் மீனும் குறைவு, பாதரசத் தீங்கும் கூட.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1975இல் தொடங்கிய லூன் பாதுகாப்புக் குழு ஓர் எளிய வேலை செய்தது. மரக்கட்டைகளைச் சேர்த்துத் தெப்பம் கட்டி, மேலே மண்ணும் செடியும் பரப்பி, ஏரியில் நங்கூரமிட்டது. நீர் ஏறினாலும் இறங்கினாலும் தெப்பமும் கூடவே ஏறி இறங்கும், கூடு மூழ்காது. நீர்மட்டம் அலைபாயும் ஏரிகளில் பல லூன்கள் அதிலேறி முட்டையிட்டன. கனடாவில் 1981 முதல் ஏரிக்கரை வீட்டுக்காரர்களே தொண்டர்களாகக் கணக்கெடுக்கிறார்கள். ஜூனில் இணை இருக்கிறதா, ஜூலையில் குஞ்சு பொரித்ததா, ஆகஸ்டில் அந்தக் குஞ்சு உயிரோடு இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்து எழுதுவார்கள். நீங்கள் சொன்ன கணக்கு இதுவாகத்தான் இருக்கும். இரண்டு இணைக்கு ஏறக்குறைய ஒரு குஞ்சாவது தப்பிப் பிழைத்தால் இனம் நிலைக்கும் என்பது அவர்கள் அளவுகோல். இந்தக் கணக்கிலிருந்துதான் குஞ்சுகளின் தொகை ஆண்டுக்காண்டு சரிந்து வருவது தெரியவந்தது. வளர்ந்த லூன்கள் நீண்ட காலம் வாழ்பவை. கண்ணால் மட்டும் பார்ப்பவருக்கு ஏரியில் பறவை இருக்கும், எல்லாம் நலம் என்றே தோன்றும்.

தெப்பம் கட்டத் தெரிந்த பறவை

மனிதர் லூனுக்குக் கட்டிக்கொடுத்த தெப்பத்தை முக்குளிப்பான் தானே கட்டிக்கொள்கிறது. மழை பெய்து நீர் நிறைந்து செடி தழைத்தபின், ஊறிய தண்டுகளையும் பாசியையும் அலகால் இழுத்துவந்து மிதக்கும் குவியல் ஒன்றைச் சேர்த்து, அதை நாணலிலோ அல்லித் தண்டிலோ பிணைத்துவிடும். கண்ணுக்கு அது குப்பைபோலவே தெரியும். தாய் கூட்டை விட்டு இறங்க நேர்ந்தால், அவசரத்திலும் நாலைந்து தடவை அலகை வீசி ஈரச்செடியால் முட்டைகளை மூடிவிட்டுத்தான் முழுகும். வெள்ளையாக இட்ட முட்டை சில நாளில் அந்தச் சாறு ஊறிப் பழுப்பாகிவிடும். பொரித்து வெளிவரும் குஞ்சுகளின் தலையிலும் கழுத்திலும் கோடுகள் இருக்கும். அவை பெற்றோரின் சிறகுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆபத்தென்றால் அவற்றோடேயே முழுகுவதும் உண்டு.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் இந்தக் குடும்பம் பட்டபாடு பெரிது. லூன்கள் ஐந்தும் இன்னும் உலகில் உண்டு. முக்குளிப்பான் குடும்பத்தில் மூன்று இனம் நம் காலத்திலேயே அழிந்துபோயின. கொலம்பியாவின் மலைநாட்டு ஏரிகளில் வாழ்ந்த இனத்தை 1977க்குப் பிறகு யாரும் காணவில்லை. குவாத்தமாலாவின் அதித்லான் ஏரியில் விளையாட்டு மீன்பிடிப்புக்காகக் கொண்டுவந்து விட்ட பெரிய மீன்கள் அங்கு வாழ்ந்த முக்குளிப்பான் இனத்தின் உணவையும் குஞ்சையும் தின்றன. 1976 பூமியதிர்ச்சிக்குப்பின் ஏரி வற்றத் தொடங்கியது. கரை நாணல் போனது. மடகஸ்காரின் அலாவோத்ரா ஏரியில் வந்தேறி மீன்களோடு நைலோன் வலைகளும் சேர்ந்தன. 2010இல் அங்கிருந்த இனம் அழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மூன்றும் ஓர் ஏரியையோ ஒரு சிறு வட்டாரத்தையோ மட்டும் நம்பியிருந்தவை.

நம் முக்குளிப்பான் அப்படியல்ல. ஐரோப்பா, ஆபிரிக்கா, ஆசியா எங்கும் உண்டு; இலங்கையின் தாழ்நாட்டுக் குளங்களிலெல்லாம் காணலாம். இனமாக அதற்கு அவசர ஆபத்தில்லை. ஆனால் இனம் தப்புவது வேறு, உங்கள் வீட்டுப்பக்கத்துக் கால்வாயில் அது தப்புவது வேறு.

முத்துராஜவெலவில் என்ன நடக்கிறது?

களனி கங்கைக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையில், உங்கள் வீட்டுக்கு வடக்கே கிடக்கும் முத்துராஜவெல ஏறத்தாழ 7,000 ஆண்டுப் பழமையான சதுப்புநிலம். பரப்பு 3,000 ஹெக்டயருக்கு மேல். ஒருகாலத்தில் அங்கே நெல் விளைந்தது. முன்னர் வெட்டிய ஒரு கால்வாயால் உவர்நீர் ஏறி வயல் கெட்டது. உப்பை வடிக்கவென்று ஆங்கிலேயர் 1802க்கும் 1804க்கும் இடையில் வெட்டியதே உங்கள் ஹமில்டன் கால்வாய். வடபகுதி 1996இல் சரணாலயமானது. அங்கு நடந்த ஆய்வில் 102 வகைப் பறவைகள் பதிவாகின.

சதுப்பு பறவைக்கு மட்டும் சொந்தமல்ல. மழை வெள்ளத்தில் ஒரு கோடியே பத்து இலட்சம் கன மீற்றர் நீரைப் பிடித்துவைத்து மெல்ல மெல்லக் கடலுக்கு விடக்கூடியது அது. 2003இல் வெளியான பொருளாதார மதிப்பீடு அதன் ஆண்டுப் பயனை ஏறத்தாழ 80 இலட்சம் அமெரிக்க டொலர் என்று கணித்தது. அதில் பெரும்பங்கு வெள்ளத்தடுப்பு. முக்குளிப்பான் கூடு கட்டும் அதே ஆழமற்ற விளிம்புதான் வெள்ளத்தையும் உள்வாங்குகிறது. அதை மண்போட்டு நிரப்பினால் பறவைக்குக் கூடும் போகும், நமக்கு வீட்டுக்குள் தண்ணீரும் வரும்.

நிரப்புவதுதான் முதல் ஆபத்து. கெரவலப்பிட்டிய பக்கம் எவ்வளவு நிலம் மேடாகிவிட்டது என்பதை 2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேக வீதியில் போகும்போது நீங்களே பார்க்கலாம். 2021இல் முத்துராஜவெல நிலங்களை நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் கொண்டுவர அரசு முனைந்தபோது கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை வெளிப்படையாக எதிர்த்தார். விடயம் நீதிமன்றம்வரை போனது.

இரண்டாவது ஆபத்து ஆகாயத்தாமரை, சல்வீனியா என்ற மிதக்கும் செடிகள். ஆகாயத்தாமரைக்கு எதிராக இந்த நாட்டில் 1909இலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. செடி இன்னும் போகவில்லை. கொஞ்சம் மிதக்கும் செடி முக்குளிப்பானுக்குக் கூடு கட்ட உதவும். நீர் முழுவதும் மூடிக்கொண்டால் முழுக இடமில்லை, அடியில் ஒளியும் பிராணவாயுவும் குறைந்து பூச்சியும் மீனும் அற்றுப்போகும். செடியை இப்படிச் செழிக்கவைப்பது வீட்டிலும் தொழிற்சாலையிலும் இருந்து வரும் கழிவுநீர். மூன்றாவது தங்கூசி வலை. சட்டம் தடுத்தும் பாவனையில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த நூலில், நீருக்கடியில் இரைதேடும் பறவை சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகும். கைவிட்ட வலைத்துண்டும் அதே வேலையைச் செய்யும்.

நீங்கள் செய்யக்கூடியவை

போபிட்டியவில் சுற்றுலாப் பயணிகளுக்கான நிலையத்திலிருந்து படகில் போகலாம். ஏறுமுன்பே படகோட்டியிடம், நாணல் ஓரத்தில் இயந்திரத்தை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். அலை எழாமல் போனால் கூடு தப்பும். பறவையும் உங்கள் கண்ணில் படும். மிதக்கும் குப்பைபோல ஒன்றிலிருந்து பறவை நழுவி இறங்கினால் படம் எடுக்க அருகே போகவேண்டாம். நீங்கள் நிற்கும் நேரமெல்லாம் முட்டை குளிர்ந்துகொண்டிருக்கும்.

வலைத்துண்டு, தூண்டில் நூல், பிளாஸ்டிக் பை கண்டால் எடுத்துவிடுங்கள். அயலில் யாராவது சதுப்புக் காணியை மலிவாக வாங்கி மண்போட எண்ணினால், அனுமதி எடுத்தாரா என்று கேளுங்கள். நிரப்பத் தொடங்கியபின் முறையிடுவதைவிடத் தொடங்குமுன் பிரதேச செயலகத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் எழுதுவது பலன் தரும். சரணாலய எல்லைக்குள் என்றால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு எழுதுங்கள்.

கடைசியாகக் கணக்கு. கனடியர் செய்யும் வேலைக்குப் பட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம். கால்வாயில் ஒரு துண்டைத் தெரிந்தெடுங்கள். மாதம் ஒரு காலையில் அதே இடத்தில் அரைமணி நேரம் நின்று, பெரிய பறவை எத்தனை, இணையாக எத்தனை, குஞ்சு எத்தனை, நீர்மட்டம் எப்படி, செடி எவ்வளவு மூடியிருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். குஞ்சைக் கண்டால் அடுத்த மாதமும் அது இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். முக்கியமான எண் அதுதான். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்தார் 1990இல் சரணாலயமான பெல்லன்வில–அத்திடியவில் இதையே செய்யலாம். கொட்டாஞ்சேனைக்காரருக்குக் களனி கழிமுகம் அருகில். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது; கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழுவுக்கு உங்கள் குறிப்பைக் கொடுக்கலாம்.

2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரமென்ற அங்கீகாரம் பெற்றது. உலகிலேயே முதன்முதலாக அதைப் பெற்ற 18 நகரங்களில் ஒன்று. முத்துராஜவெல இன்னும் நாட்டின் ராம்சார் பட்டியலில் இல்லை. ஒரு நிலத்தைக் காக்கக் கேட்டு மனு எழுதும்போது, 'அழகான இடம்' என்ற வரியைவிட, 'இந்தத் துண்டில் மூன்று வருடமாக இத்தனை குஞ்சு தேறியது, மண்போட்ட வருடம் ஒன்றுமில்லை' என்ற வரிக்கு அதிகாரிகள் பதில் சொல்லியே ஆகவேண்டும். அந்த வரியை உங்களைப்போல அயலில் இருப்பவர்தான் எழுத முடியும்.